மூன்று மாதக் காராமணி

என் வீட்டுக்காரர் கன்னியப்பனைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் புகார் கொடுப்பதுபோலத்தான் கேட்கும். கேட்கட்டும். பதினேழு வருஷமாக ஒரே கூரையின் கீழ் அவரோடு மல்லுக்கட்டுகிறவள் நான். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

மனிதர் மண்ணூர்க்காரர். பிறந்தது, ஓடியாடியது, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டது எல்லாம் இங்கேதான். அப்புறம் பெரும்புதூர் பக்கம் ஒரு டைல்ஸ் குடோனில் பெட்டி தூக்கப் போனார். அங்கே ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டி, டன் கணக்கில் பாரத்தைத் தூக்கி, மாடி உயரத்துக்கு அடுக்குகிற வண்டி. அதன் டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டப் பழகினார். லைசன்ஸ் எடுத்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இப்போது நாற்பத்து மூன்று வயது. அந்த வண்டியில் ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

வண்டிமேல் அவருக்கு இருக்கிற ஆசையைச் சொன்னால் எனக்குப் பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வர மறந்துவிடுவார். வண்டியின் செயினுக்கு எண்ணெய் போட்ட தேதி மட்டும் மறக்காது. வீட்டு வாசலில் ஸ்கூட்டியைப் பின்னால் தள்ளும்போதுகூட வாயாலேயே "பீப் பீப்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டுதான் தள்ளுவார். எங்கள் மகள் சுபஸ்ரீ தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருடைய இன்னொரு ஆசை பாக்கெட். பளபளக்கும் உறைக்குள் எதைப் போட்டுக் கொடுத்தாலும் அவருக்கு அமிர்தம். டீ நேரத்தில் கிரீம் பிஸ்கட், கம்பெனி பஸ்ஸில் மிக்சர், வீட்டுக்கு வந்ததும் நூடுல்ஸ். ஓ.டி. பார்க்கிறவர்களுக்குக் கம்பெனியில் ஒரு பை கொடுப்பார்கள். அதில் ஒரு கிரீம் பன், ஒரு சிப்ஸ், மாம்பழ ஜூஸ் என்று பெயர் போட்ட மஞ்சள் தண்ணீர். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"இன்னா கலை பேசற? நாலு மணி நேரம் எக்ஸ்ட்ரா நின்னதுக்குக் குடுக்கறான். அது என் உரிமை. உரிமைய எவனாவது வுட்டுக் குடுப்பானா?"

என் பெயர் கலைமணி. அவருக்குச் செல்லம் வந்தாலும் கோபம் வந்தாலும் கலைதான்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் நடக்கும். அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. 'மெடிக்கல் விரதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போர்டில் தேதி போட்டதும் லைன் மொத்தமும் சாமியாராகிவிடும். இரண்டு நாளைக்குப் பாகற்காய் ஜூஸ். ராத்திரிச் சோறு கிடையாது. பிஸ்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் அடங்கினாற்போலக் காட்டும். கொடுத்த கையோடு ஹோட்டலுக்குப் போய் பரோட்டாவில் விரதத்தை முடிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஏழு வருஷமாக டாக்டர்களை இப்படித்தான் டபாய்த்தார். பாகற்காயைப் பிழிந்து கொடுத்தது நான்தான். பொய் சொல்வானேன்?

போன ஆவணியில் அங்கே புதிதாக டாக்டர் காவேரி வந்தார். சின்ன வயது, சிரித்த முகம். அந்த அம்மா எடுத்தது வேறு டெஸ்ட். கடந்த மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை மொத்தமாகச் சொல்லிவிடுகிற டெஸ்ட். இரண்டு நாள் பாகற்காயெல்லாம் அதனிடம் பலிக்கவில்லை. கன்னியப்பனுக்கு ஒன்பது புள்ளி ஆறு என்று வந்தது.

"அண்ணா, வண்டி ஓட்டறப்ப கண்ணு மங்கிடுச்சுன்னா கீழ நிக்கறவங்க கதி என்ன? மாத்திரை தர்றேன், எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம். இறங்கிச்சுன்னா வண்டி உங்களுது. இறங்கலைன்னா நிரந்தரமா வேற டிபார்ட்மென்ட்தான்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அவரை வண்டியிலிருந்து இறக்கி லேபிள் ஒட்டும் பிரிவில் உட்கார வைத்தார்கள். அவர் வண்டியில் இசக்கிபாண்டி ஏறினான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இருபத்தேழு வயது, எங்கள் தெருவிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். அன்று மாலை ஸ்கூட்டி சத்தமே இல்லாமல் வாசலுக்குள் வந்தது.

"ஸ்டிக்கர் ஒட்ட வுட்டானுங்க கலை. கொயந்தைங்க நோட்டுக்கு ஒட்டுமே, அந்த மாதிரி" என்றார். தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டினால் திருப்பித் திட்டுகிற மனிதர் வாயை மூடிக்கொண்டால் பார்க்கச் சகிக்காது.

சும்மா இருப்பேனா நான்? மறுநாளே பெரும்புதூரில் பெரிய கடைக்குப் போனேன். 'சர்க்கரை சேர்க்காதது', 'பல தானியம்', 'ஓட்ஸ்', 'நார்ச்சத்து' என்று எதில் எல்லாம் எழுதியிருந்ததோ, எதில் எல்லாம் பச்சை இலை வரைந்திருந்ததோ, அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தேன். பிஸ்கட், நூடுல்ஸ், கஞ்சி மாவு என்று இரண்டு பை. அவருக்கு முகமெல்லாம் பல்.

"பாக்கெட்டே கூடாதுன்னுவேன்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா கடையவே தூக்கியாந்துட்ட!"

முன்பு நாலு பிஸ்கட் தின்றவர் இப்போது எட்டு தின்றார். கேட்டால் மருந்து என்றார். நானும் பெருமையாகத் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் என்னையும் வரச் சொன்னார். நான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டே போனேன், சண்டை போடத்தான்.

டாக்டர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். "முன்னாடி இலை இருக்கு. பின்னாடி முதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்கக்கா."

படித்தேன். முதலில் மைதா. இரண்டாவது பாமாயில். பல தானியம் எங்கேயோ கடைசியில், எல்லாம் சேர்த்து நூற்றில் மூன்று பங்கு. நடுவில் இருந்த பெயர்கள் என் வாயில் நுழையவே இல்லை. அவமானத்தில் எனக்குக் காது சூடேறிவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய விடாதீங்க. சாப்பாட்டுல பயறு, கடலை, காய், கீரை, தவிடு போகாத தானியம், இதுங்கள முழுசா சாப்பிடுங்க" என்றார் டாக்டர். கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டேன். "கரைச்சுக் குடிச்சா சீக்கிரம் ஏறிடும். அடையா தட்டுங்க, நிறைய கீரை போட்டு. அதுவும் அளவா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். பாக்கெட்டில் வருகிற எதுவும் இனி என் வாசப்படி ஏறக் கூடாது.

"அப்ப உப்பு?" என்றார். "பருப்பு? அதுவும் பாக்கெட்டுலதான வருது?"

இந்தக் குதர்க்கம் மட்டும் அவருக்கு எங்கிருந்துதான் வருமோ. "மண்ணுல வெளைஞ்சது வெளைஞ்ச மாதிரியே உள்ள இருந்தா வரலாம். மெஷின்ல உட்டு உருவமே தெரியாம பண்ணதா இருந்தா வரக்கூடாது. போதுமா?"

முதல் வாரம் வீடு ரணகளம். காலை நாஷ்டாவுக்கு முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை, வேர்க்கடலைத் துவையல். மதியத்துக்குச் சாமைச் சோறு ஒரு பங்கு, கூட்டும் பொரியலும் இரண்டு பங்கு. மணிமங்கலத்திலிருந்து மொபெட்டில் கீரை கொண்டு வருகிறவரிடம் தினமும் இரண்டு கட்டு. தட்டைப் பார்த்துவிட்டு, "நான் இன்னா மாடா?" என்று கேட்டார்.

"மாடா இருந்தா சொன்ன பேச்சக் கேட்டிருக்கும். துன்னுயா."

ஒன்றே ஒன்று மட்டும் அவருக்குப் பிடித்துப் போனது. காராமணிச் சுண்டல். ஊற வைத்து, குழையாமல் வேக வைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொஞ்சம் மாங்காயும் தேங்காய்ப் பூவும் போட்டுக் கிளறுவேன். டீ நேரத்து பிஸ்கட்டுக்குப் பதிலாக, ஓ.டி. பன்னுக்குப் பதிலாக அதுதான். ஒரு பெரிய டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன். டப்பா தினமும் வழித்துத் துடைத்தாற்போல வந்தது. எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

ஒரு சனிக்கிழமை துவைக்கப் போடலாம் என்று அவர் பையைக் கவிழ்த்தேன். பன் சுற்றிவரும் காகிதம் ஏழெட்டு உதிர்ந்தது.

"இன்னாய்யா இது?"

"அத்த ஏன் கேக்கற கலை, உன் சுண்டலுக்கு அங்க அடிதடியே நடக்குது! ஆளாளுக்கு வந்து கை நீட்டறானுங்க."

"எல்லாத்தையும் அவங்களே துன்னுட்டாங்களா?"

"சும்மா குடுப்பேனா? நம்மள இன்னான்னு நெனச்ச? ஒரு கை சுண்டலுக்கு ஒரு பன்னு. மாத்திக்கினேன்."

"அப்ப நீ இன்னா துன்ன?"

மனிதர் மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "பன்னு" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். விடியற்காலையில் எழுந்து தேங்காய் துருவிய கை இது. ஊருக்கெல்லாம் என் காராமணி, இவருக்குக் கிரீம் பன்னா? "உனக்கு மூளைன்னு ஒண்ணு கீதா? வியாபாரமா பண்ணிக்கினு வர?" என்று ஆரம்பித்தவள், பாதித் திட்டலில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவர் அந்தச் சமயம் பார்த்து, "ஆனா நல்ல லாபம்ல?" என்று கேட்டதுதான் காரணம்.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு டப்பா. சின்னது அவருக்கு, பெரியது மற்றவர்களுக்கு. சின்னது காலியாவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரியதைத் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குக் காவல் இசக்கிபாண்டி.

"மதினி, நீங்க கவலப்படாதிய. அண்ணாச்சி டப்பா காலியாகாம ஒருத்தனையும் கிட்ட விட மாட்டேன்" என்று வீட்டுக்கே வந்து வாக்குக் கொடுத்தான். அவன் வண்டியைப் பறித்துக்கொண்டவன் என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்மேல் அப்புறம் எப்படிக் கோபப்படுவது? அவன் மட்டும் சுண்டலை ஒரு வாய் தின்றுவிட்டுப் பன்னுக்குத் தாவிவிடுவானாம். ரூமில் அடுப்பு இல்லை என்று ராத்திரிக்குப் பரோட்டா, இடையிடையே கூல் டிரிங்ஸ். இந்த வயதில் கல்லைத் தின்றாலும் கரையும் என்பான்.

இரண்டு மாதத்தில் என் வீட்டுக்காரரின் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. சாப்பிட்டதும் பொத்தென்று விழுந்து தூங்குகிறவர், கீரைக்காரரிடம் போய் நின்று பேரம் பேசினார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கினார். கொத்தவரங்காயைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அதைக் கேட்கிற தலையெழுத்து எனக்கு. ஆனாலும் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கிப் போகும். அடுத்த பக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது, ஸ்டிக்கர் கோணலாக விழுகிறது என்று ஒரு நாள் சொன்னார்.

கார்த்திகையில் மறு டெஸ்ட் வந்தது. இனி இன்னொரு வாய்ப்புக் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் மழைத் தூறலில் நனைந்துகொண்டு பாண்டி வந்தான்.

"அண்ணாச்சி, எனக்கும் நாளைக்குத்தான் டெஸ்ட். புதுசா வண்டி ஏறுன ஆபரேட்டருக்கெல்லாம் எடுக்காங்க. ஒங்க டோக்கன எங்கிட்ட தாங்க. வாரவன் வெளி லேப்காரன், மூஞ்சியவா பாக்கான்? எனக்கு ரெண்டு கை இருக்குல்லா? ஒரு கையில ஒங்களுக்கு, ஒரு கையில எனக்கு."

"அப்ப உன் வண்டி?" என்றேன்.

"எனக்கு அடுத்த மாசம் புது ஷெட்டுல தாரோம்னுருக்காங்க மதினி. இது அண்ணாச்சி வண்டி. அதுல உக்காந்தா எனக்கு முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்கு."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே ஆசை வந்துவிட்டது. மூன்று மாதமாக அரைத்து, ஆட்டி, அவித்து, காவல் காத்தவள் நான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் என் சமையல்மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"அவன் நல்லதுக்குத்தானேய்யா சொல்றான்? மொதல்ல வண்டிய வாங்கிக்கோ. பத்தியத்த அப்புறமா பார்த்துக்கலாம்."

கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா கலை நீயே இப்படிச் சொல்ற? மூணு மாசமா காராமணி துன்னது நானு. மார்க்கு இவன் ரத்தத்துக்கா?"

"எட்டுக்கு மேல வந்துட்டா?"

"வந்தா ஸ்டிக்கர் ஒட்டறேன். ஏயு வருசம் டபாய்ச்சேன். என் ரத்தத்துல நெசமாவே இன்னா கீதுன்னு ஒரு தபாகூட எனக்குத் தெரியாது. இந்த தபா எனக்குத் தெரியணும்." பாண்டியின் தோளில் கையைப் போட்டு, "நீ உன் ரத்தத்த மட்டும் குடுடா. போ" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் பெருமையாகவும் இருந்தது. அதை அவரிடம் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதால், அடை ஆறிப் போகிறது என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து நண்பகலில் போன் வந்தது.

"கலை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டேன்.

"எவ்ளோய்யா?"

"ஏயு புள்ளி எட்டு."

எனக்குப் புரியவே ஒரு நொடி ஆனது. எட்டுக்குக் கீழே! "யோவ்!" என்று கத்தினேன். "அப்ப வண்டி உனக்குத்தான! அத்த ஏன் எயவு வூட்டுல பேசற மாதிரி சொல்ற?"

"பாண்டிக்குப் பதினொண்ணு புள்ளி ரெண்டு வந்துகீது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூஞ்சை உடம்பு, இருபத்தேழு வயது, பதினொன்று. என் பேச்சைக் கேட்டு இவர் டோக்கனைக் கொடுத்திருந்தால் அவனுடைய இரண்டு கையிலும் அதே பதினொன்றுதானே வந்திருக்கும்? என் வாயாலேயே அவர் வண்டியைத் தொலைத்திருப்பேன். அதைவிட, இத்தனை நாள் அந்தப் பிள்ளை பன் தின்ற கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனே என்பதுதான் என்னைக் குடைந்தது.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். பாண்டி வாசலிலேயே நின்றான்.

"மதினி, எனக்கு ஒடம்புல ஒரு நோவும் இல்லியே. நாளையிலேர்ந்து லேபிள் ஒட்டணுமாம். ஊருல எங்க அம்மைக்குத் தெரிஞ்சா அழுதே செத்துருவா" என்றான்.

"டாக்டரம்மா மாத்திரை குடுத்துகீறாங்கல்ல? மூணு மாசம்டா. நான் எறங்கி ஏறல?" என்று சொல்லிக்கொண்டே கன்னியப்பன் அவனை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். "ஸ்டிக்கர் ஒட்டறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நேரா ஒட்டணும், அவ்ளோதான். எனக்குத்தான் கடைசி வரைக்கும் அது வரல."

பாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். நான் தட்டை வைத்து, சாமைச் சோறும் கத்திரிக்காய்க் கூட்டும் கீரையும் போட்டேன்.

"டேய், இனிமே ரூம்ல அடுப்பு இல்லன்ற கதையெல்லாம் வாணாம். எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் சாப்பாடு இந்த வூட்லதான். வெளியில பரோட்டாவ தொட்டன்னு காதுல வுயுந்துச்சு, உன் கைய ஒடச்சுடுவேன்."

அவன் பயந்துபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "மதினி எப்பவும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"இல்லடா. இன்னிக்கு உன்மேல பாசமாகீறதால கம்மியா திட்டறா."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. எங்களுக்காகத் தன் ரத்தத்தையே கொடுக்க வந்த பிள்ளை. எங்களால் அவனுக்குக் கொடுக்க முடிந்தது ஒரு தட்டுச் சோறுதான். அவன் இரண்டாம் முறை தட்டை நீட்டினான். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கூட்டை இரண்டு கரண்டி கூட்டிப் போட்டுவிட்டு, அவன் தின்று முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.